மும்ப்ரா தாண்டும்வரை

தோற்க வேண்டும் என்றுதான்
ஐந்தரை மணிக்கு எழுந்தேன்.

மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்துவைத்த கைப்பேசியில்
என் அணி பன்னிரண்டு புள்ளி பின்னால்.
நல்லது என்றேன்.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

இதை டோம்பிவிலியில் யாருக்கும் விளக்க முடியவில்லை.
கீழே கிடக்கிற அணிக்குத்தான்
குலுக்கலில் சீட்டு அதிகம்.
குலுக்கலில் ஜெயித்தால் ஜூனில் அந்தப் பையன் கிடைப்பான்:
வயது பத்தொன்பது, ஆறடி பத்தங்குலம்,
கல்லூரியில் ஆடியது ஒரே வருஷம்.
அவனுக்காகத்தான் எங்கள் நட்சத்திரங்களுக்கு
ஜனவரியிலிருந்து முழங்கால் வலி.
வலி சரியாக
நாலாவது கால்பகுதியில் வருகிறது.

"சந்தா கட்டி, தூக்கம் கெட்டு,
தோக்கணும்னா பாக்கறே?"
தாமோதரன் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.
நுரையோடு கேட்கிற கேள்விகளுக்கு
நான் பதில் சொல்வதில்லை.

ஏழு முப்பத்தெட்டு. மகளிர் பெட்டி.
நாலாவது ஆளாக இருக்கையின் நுனியில்
பாதி உட்கார்ந்திருக்கிறேன்.
சுலபா காம்ப்ளே மடியில் பையை விரித்துப்
பட்டாணி உரிக்கிறாள்.
"ஹரலே கா?" என்கிறாள். தோற்றாச்சா?
அஜூன் நாஹி. இன்னும் இல்லை.
பன்னிரண்டு எப்படியோ ஒன்றாகியிருந்தது.

எல்லாம் அந்த நாற்பத்தொன்றாம் நம்பரின் வேலை.
கீனன் ப்ரூட்.
ஆள் போதவில்லை என்று
பத்து நாள் ஒப்பந்தத்தில் கூட்டிவந்தவன்.
கல்லூரி நாளிலிருந்தே அவனை எனக்குத் தெரியும்.
ஐந்து வருஷம், நாலு கல்லூரி.
முதல் இடத்தில் கோச் ஓடிப்போனார்,
இரண்டாவதில் பெஞ்சு,
மூன்றாவதில் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை,
நாலாவதில் என்ன ஆயிற்றென்று
எங்கேயும் படித்த நினைவில்லை.
நாலு நிறச் சட்டை. நாலிலும் அதே இடது கை.
விட்டுப் போன ஒவ்வொரு ஊரும்
அவனைத் துரோகி என்றது.
எனக்குக் கோபம் வரவில்லை.
ஃபோர்ட்டில் என் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்
பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை
என்னை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு
மறுநாள் புதிதாக எடுத்துக்கொள்ளும்.
புது அடையாள அட்டை. பழைய போட்டோ.

எட்டு விநாடி.
பந்து அவனிடம் வந்தது தவறிப்போய்த்தான்,
சத்தியமாகச் சொல்கிறேன்,
கோச்சின் முகத்தைப் பார்த்தேன்.
அடுத்த வருஷத்துத் திட்டத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லையோ,
சொல்லியும்
அடுத்த வருஷம் என்பது அவனுக்கு விளங்கவில்லையோ,
எழும்பினான்.
இடது கையிலிருந்து பந்து விட்டது.

மும்ப்ரா.
சிக்னல் செத்தது.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கழி.
திரையில் பந்து
வளையத்துக்கு ஒரு முழம் முன்னால்
அப்படியே நிற்கிறது.
யாரோ முழங்கையால் என் விலாவை இடிக்கிறாள்.
யாரோ ஜன்னலைக் கேட்கிறாள்.
கணக்குப்படி அது வெளியே போக வேண்டும்.
ஆறடி பத்தங்குலம், பத்து வருஷம், கோப்பை.
நான் போட்ட கணக்குதான், நன்றாகத் தெரியும்.
போ, என்று வாய் சொல்கிறது,
போ போ உள்ளே போ,
சுலபா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

கல்வாவிலும் வரவில்லை.

தானேயில் கூட்டம் இறங்கி, அதைவிடப் பெரிய கூட்டம் ஏறி
மூச்சு திரும்பியபோது படமும் திரும்பியது.
ஒரு புள்ளி. ஜெயித்துவிட்டோம்.
அவனை யாரும் தூக்கவில்லை.
நட்சத்திரங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு
மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

போவாயிலிருந்து கிரண் குல்வாடி:
'நாசமாப் போச்சு. மூணாம் இடத்துக்கு ஏறிட்டோம் கீழேர்ந்து.'
ஆமாம், என்று அனுப்பினேன்.
ஒரு அழுகிற முகமும் சேர்த்தேன்.

"ஹரலே?"
ஜிங்கலோ, என்றேன். ஜெயித்தோம்.
என்ன விளையாட்டு என்றுகூட அவளுக்குத் தெரியாது.
நாலு பட்டாணி எடுத்து
என் கையில் வைத்தாள்.

இன்றைக்கு அவனுக்கு
நாலாவது நாள்.